பானுமதியின் மேல் ஒரு பிராது

விருத்தாசலத்தில் ராஜாங்கத்தின் பீங்கான் பட்டறைக்குப் போய்ப் பானுமதி எங்கே என்று கேட்டால், கூடத்தின் வலது கோடியில் இருக்கும் பிசிறு மேசையைக் காட்டுவார்கள். அச்சிலிருந்து கழற்றிய, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் இரண்டு விலாவிலும் ஒரு கோடு நிற்கும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம் அது. அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, அப்படி ஒரு கோடு இருந்ததே தெரியாமல் செய்ய வேண்டும். பானுமதி பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள். இப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது.

அவள் படித்தது பிசிறு எடுக்க அல்ல. செராமிக் டிப்ளமோ மூன்று வருடம் படித்தவள். அந்த வகுப்பில் பெண்கள் நாலே பேர். அதில் சூளைப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவள் இவள். சூளையின் சின்ன ஓட்டை வழியாக உள்ளே எரியும் நெருப்பின் நிறத்தைப் பார்த்து, இப்போது இவ்வளவு சூடு என்பாள். மீட்டரைப் பார்த்தால் பத்து டிகிரி முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். படித்த பெண், வேலை தெரிந்த பெண், பிசிறு மேசையில் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. "தலையெழுத்து" என்று சொல்லிச் சிரித்துவிடுவாள். அது தலையெழுத்து இல்லை, ஆனந்தராஜ் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனந்தராஜ் அவளுடைய கணவர். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் இடம் கிடைக்காது. குடி கிடையாது. கை நீட்டியது கிடையாது. சம்பளம் வந்த அன்று அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரே மகள் தென்றலைக் கேட்ட படிப்பு படிக்கவைத்தார்; அவள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். இப்படிப்பட்ட மாப்பிள்ளைக்குத் தன் தங்கை கோயில் கட்டிக் கும்பிட வேண்டும் என்பது சேத்தியாத்தோப்பில் இருக்கும் பானுமதியின் அண்ணன் கருத்து.

தென்றலுக்கு இரண்டு வயதானபோது ராஜாங்கத்துக்குச் சூளை பார்க்க ஆள் தேவைப்பட்டது. டிப்ளமோ படித்த பெண் உள்ளூரிலேயே இருப்பது தெரிந்து, வேலைக்கு வரச் சொன்னார். பானுமதி, வீட்டில் சொல்லிவிட்டு வந்து சேருகிறேன் என்றாள். சொன்னாள். "யோசிப்போம்" என்றார் ஆனந்தராஜ். இரண்டு நாள் கழித்து, சூளைக்கு வேறு ஆள் போட்டாயிற்று, வேண்டுமானால் பிசிறு மேசையில் இடம் இருக்கிறது என்று தகவல் வந்தது. சரி, நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பிசிறு மேசையில் போய் உட்கார்ந்தாள். ஏழு மாதம் கழித்து ஆயுத பூஜை. பொரிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தபடி ராஜாங்கம் சாதாரணமாகச் சொன்னார்: "நீதான் வேணாம்னுட்டியேம்மா. உங்க வூட்டுக்காரரே வந்து சொல்லிட்டாரே, ராத்திரியெல்லாம் சூள பக்கம் நிக்கறது அவளுக்குத் தோதுப்படாதுன்னு."

பானுமதி பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ரசம் வைத்தாள். அவரை ஒன்றும் கேட்கவில்லை. செய்தவர் அவர், அவராகவே சொல்லட்டும் என்று இருந்தாள். அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. இப்படியே பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. இருவரில் யார் பெரிய அழுத்தக்காரர் என்று பட்டிமன்றம் வைத்தால் நடுவர் திணறிப்போவார்.

இந்த நிலையில்தான் நாடகம் வந்தது.

அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் சிவசங்கரி, நூலக வார விழாவுக்கு நினைவுப் பரிசு செய்யச் சொல்லப் பட்டறைக்கு வந்தாள். அப்போது பானுமதி பக்கத்து மேசைப் பூவாயிக்கு, ராஜாங்கம் போனில் கடைக்காரர்களிடம் எப்படிப் பேசுவார் என்று அதே குரலில் செய்துகாட்டிக்கொண்டிருந்தாள். கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ராஜாங்கம் பின்னால் வந்து நின்றதையும் அவள் கவனித்தாள்; நிறுத்தாமல், அவர் நிற்கிற மாதிரியே நின்று முடித்தாள். சிவசங்கரி பரிசை மறந்துவிட்டு, "அக்கா, விழாவுல நாடகம் போடறோம், நடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

நார்வே நாட்டில் நூற்று நாற்பது வருடத்துக்கும் முன்னால் எழுதிய நாடகம் அது. ஒருத்தி, தன் கணவன் நோயில் கிடந்தபோது அவனுக்குத் தெரியாமல் கடன் வாங்கி, அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டு, அவனைப் பிழைக்கவைக்கிறாள். பல வருடம் கழித்து விஷயம் வெளியே வருகிறது. அவன் தன் மானம் போய்விட்டதே என்று குதிக்கிறான். அவள் எதற்காகச் செய்தாள் என்று பார்க்கவில்லை. ஆபத்து நீங்கியதும், உன்னை மன்னித்துவிட்டேன் என்கிறான். அவள் அவனை எதிரே உட்காரவைத்துப் பேசுகிறாள். பேசி முடித்து, வீட்டையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறாள். கல்லூரிப் பெண்களில் யார் வீட்டிலும் இந்த வேஷத்துக்குச் சம்மதிக்கவில்லையாம். கல்யாணம் ஆகாத பெண் புருஷனை விட்டுப் போவதாக மேடையில் நடித்தால் யார் பெண் கேட்டு வருவார்கள் என்று ஒரு தாயார் அழுதேவிட்டாராம்.

சாப்பாட்டு நேரத்தில் சிவசங்கரி கதையைச் சொல்லி முடித்ததும் பூவாயிதான் முதலில் வாய் திறந்தாள். பூவாயி கம்மாபுரம் பக்கத்திலிருந்து தினம் வந்து போகிறவள்; எதையும் போட்டு உடைக்கிறவள்.

"மூணு புள்ளைய வுட்டுட்டா போறா? மக்யா நாளு காலையில அதுங்களுக்குத் தல வாரி வுடறது யாரு?"

"அந்த வூட்டுல வேலைக்காரம்மா இருக்காங்கம்மா."

"அதானே பாத்தேன். வேலைக்காரம்மா இருந்தா நானுந்தான் போவேன்" என்றாள் பூவாயி. "சரி, ராத்திரியில போறாளே, பஸ்ஸு இருக்குதா அந்த ஊருல?"

சிவசங்கரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உலகம் முழுக்க இதே கேள்விதான் என்றாள். எங்கே போவாள் என்று சீனாவில் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு நடிகை, என் பிள்ளைகளை விட்டு நான் போகமாட்டேன், முடிவை மாற்று என்று எழுதியவரையே மிரட்டி மாற்றவைத்தாராம். ஈரானில் அந்த ஊர் வழக்கத்துக்கு மாற்றிப் படம் எடுத்தார்கள். கல்கத்தாவில் நடப்பதாக மாற்றி லண்டனில் மேடை ஏற்றினார்கள். அமெரிக்காவில் ஒருவர், பதினைந்து வருடம் கழித்து அவள் திரும்பி வந்து அதே கதவைத் தட்டுவதாக அடுத்த நாடகமே எழுதிவிட்டார். சிவசங்கரி தன் பங்குக்குக் கதையை விருத்தாசலத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். பனிக்குப் பதில் அடைமழை, கிறிஸ்துமஸுக்குப் பதில் பொங்கல், பெரிய பாங்க்குக்குப் பதில் கூட்டுறவு பாங்க்.

"முடிவு?" என்று பானுமதி கேட்டாள்.

"அத மாத்த மாட்டேன். போயித்தான் ஆவணும்."

"அப்ப நான் நடிக்கிறேன்" என்றாள் பானுமதி. ஏன் அவ்வளவு சீக்கிரம் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஆனந்தராஜ் தடுக்கமாட்டார், "யோசிப்போம்" என்பார். பிறகு அவளுக்குத் தெரியாமல் நூலகரைப் போய்ப் பார்த்து, அவளுக்குத் தோதுப்படாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வருவார். ஒரு தடவை சூடு கண்ட பூனை அவள். சூளை பார்த்தவன் குஜராத்துக்குப் போய்விட்டான், கார்த்திகைக்கு அகல் விளக்கும் நிறைய போகிறது என்ற உண்மையோடு, ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலகத்து மாடிக்குப் போனாள். நூலகர் பழமலைநாதன்தான் நாடகத்தில் கணவன். கோபமாக வசனம் பேசிவிட்டு, "மன்னிச்சுக்குங்கம்மா" என்று ஒவ்வொரு தடவையும் கைகூப்புகிற மனிதர்.

எல்லாம் சரியாக வந்தது, கடைசிப் பேச்சைத் தவிர. சிவசங்கரி மொழிபெயர்த்ததைச் சொன்னால் பானுமதிக்குச் சிரிப்பு வந்தது. "டீச்சர், இப்புடி யாரு வூட்டுல பேசுவாங்க? புக்கு படிக்கிற மாதிரி இருக்குது."

"அப்ப நீங்களே எழுதிட்டு வாங்க. உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்றாப்புல எழுதுங்க."

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நோட்டில் எழுதினாள். எடுத்த பேனாவை வைக்காமல் இரண்டு பக்கம் எழுதினாள். முதல் பக்கம் இப்படித் தொடங்கியது: 'நான் போறேன். சாவி டிவி மேல இருக்குது. கேஸு போன வாரந்தான் மாத்துனது, பொங்கல் தாண்டி வரும். பாலு அரை லிட்டர் போதும்னு சொல்லிட்டேன். உங்க மேல கோவம் இல்ல.' அதுவரை நாடகம்தான். இரண்டாம் பக்கத்தில் அவளை அறியாமல் சூளை வந்துவிட்டது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தாள். கூட்டுறவு பாங்க்காரன் மனைவிக்கும் சூளைக்கும் என்ன சம்பந்தம்? பென்சிலால் அந்தப் பக்கத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டாள். கிழிக்க மனம் வரவில்லை. சிவசங்கரி படித்துவிட்டு முதல் பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டாள். இரண்டாம் பக்கத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நோட்டு பானுமதியின் கட்டைப்பையிலேயே கிடந்தது.

நாலு நாள் கழித்து, பூவாயி வேலைக்கு வந்தவள் வேலையைத் தொடவில்லை. பானுமதியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏண்டி பானு, நீ எங்க போவப் போற?"

"நான் எங்கக்கா போறேன்?"

"எங்கிட்டயே மறைக்கிறியா? நேத்து நான் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயிருந்தேன்."

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் ஊருக்குப் பக்கம்தான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப் பயந்தவர்களும், போய் அலுத்தவர்களும் அங்கேதான் போவார்கள். முருகன் பெயருக்குக் காகிதத்தில் பிராது எழுதி, சாமி முன்னால் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு வர வேண்டும். களவு போன நகை, வரப்புத் தகராறு, ஏமாற்றிய பங்காளி எல்லாவற்றுக்கும் சாமி தீர்ப்புச் சொல்லும். காரியம் முடிந்தால் மறுபடி போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பூவாயி நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்ட தன் நிலத்துக்காகப் பிராது கட்டப் போயிருக்கிறாள். அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றவர் ஆனந்தராஜ். பதற்றத்தில் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"எழுதறவரு, என்னா பிராதுன்னு கேட்டாரு. உங்க வூட்டுக்காரரு சொன்னாரு: 'என் வூட்டுக்காரி பானுமதி வூட்ட வுட்டுப் போவறதா எழுதி வச்சிருக்கா. அவ போவக் கூடாது. சாமிதான் பாத்து நிறுத்தணும்.' கண்ணுல தண்ணி வுட்டாருடி அந்த மனுஷன்."

பானுமதிக்குப் புரிந்துபோனது. பேனா தேடிப் பையில் கை விட்டிருக்கிறார். நோட்டைத் திறந்திருக்கிறார். முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதே தண்ணீர் வேறு தண்ணீராக மாறியது. இருபத்து நாலு வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட மனிதர். எதிரே நின்று, "என்னா பானு இது?" என்று மூன்று சொல் கேட்டிருக்கலாம். மூன்று கிலோமீட்டர் போய்ச் சாமியைக் கேட்டிருக்கிறார்.

"நாடகம்னு சொல்லிடுடி, பாவம்" என்றாள் பூவாயி.

"சொன்னா நாடகத்துக்குப் போவ முடியாதுக்கா."

"அப்ப சொல்லாத."

"சொல்லலன்னா அந்த மனுஷன் தூங்க மாட்டாரு."

"அப்ப என்னாதான் பண்ணுவ?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, கேட்டால் சொல்லிவிடுவது, கேட்காவிட்டால் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். கேட்கட்டும். ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேட்கட்டும்.

ஆனந்தராஜ் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக நல்லவராகிவிட்டார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். மத்தியானம் வீட்டுக்கு வந்து, அவள் இல்லாத வீட்டில் துணிகளை மடித்து வைத்தார். சேலையை வேட்டி மாதிரி மடித்திருந்தார். அவளுக்கு ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார். வாங்கிய பிறகு, நல்ல செருப்பு நடந்து போகத்தான் உதவும் என்று தோன்றியதோ என்னவோ, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். கூட்டும்போது அவள் கண்டெடுத்து, அதே இடத்தில் வைத்தாள். பஸ் ஸ்டாண்டில் இன்னும் மோசம். சேத்தியாத்தோப்பு பஸ் எது கிளம்பினாலும், டைம் கீப்பர் அறையை விட்டு இறங்கி வந்து, முன் படியில் ஏறிப் பின் படியில் இறங்குகிறாராம். "அண்ணனுக்கு எதுனா காணாமப் போயிடுச்சா அக்கா?" என்று கண்டக்டர் திருமால் அவளிடமே கேட்டான்.

இரக்கமாகத்தான் இருந்தது. இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தாள். ஒவ்வொரு தடவையும், ராஜாங்கத்தின் முன்னால் அவர் நின்று "தோதுப்படாது" என்று சொல்வது கண்ணில் வந்தது. அவள் அதைப் பார்த்ததில்லை. ஆனாலும் எந்தச் சட்டை போட்டிருந்தார் என்பது வரைக்கும் தெரிந்தது.

நாடகம் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. அன்று காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது பானுமதி சொன்னாள்:

"மூணு மணிக்கு லைப்ரரி மாடிக்கு வாங்க."

"எதுக்கு?" என்றுகூடக் கேட்கவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. "வரேன்" என்றார்.

இனிமேல் அவர் போய்த் தடுக்க நேரமில்லை என்ற தைரியத்தில்தான் சொன்னாள். ஆனால் அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது மூன்று மணிக்குத்தான் தெரிந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ. பானுமதி தன் அண்ணனைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மாடியில் எண்பது நாற்காலி நிறைய ஆட்களைப் பார்த்ததும், இவ்வளவு பேரையா கூட்டி வந்திருக்கிறாள் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். பூவாயிதான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக் கடைசி வரிசையில் உட்காரவைத்தாள். இதையெல்லாம் பானுமதி திரைச்சேலையின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடகம் ஓடியது. பழமலைநாதன் கத்தினார், நல்லவேளை, கைகூப்பவில்லை. கூட்டத்தில் சத்தம் அடங்கியது. நூலகத்துக்கு வந்து போகிற பெரியவர்கள், ஏதோ தங்கள் வீட்டு விஷயம் வெளியே வந்துவிட்ட மாதிரி, ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் கட்டம் வந்தது. பானுமதி கணவனை நாற்காலியில் உட்காரவைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் போறேன். சாவி டிவி மேல இருக்குது. கேஸு போன வாரந்தான் மாத்துனது..."

கடைசி வரிசையில் ஒருவர் பலமாகச் சிரித்தார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு பானுமதிக்கு அத்துப்படி. வராமலே போய்விடுமோ என்று பயந்த பஸ் ஒருவழியாக வந்து நின்றதும் சிரிக்கிற சிரிப்பு. "நாடகம்தாம்பா! வெறும் நாடகம்!" என்று பக்கத்தில் இருந்தவர் தொடையில் அடித்துச் சொல்வதும் மேடை வரைக்கும் கேட்டது.

மூன்று வாரமாக இந்த மனிதருக்காக எவ்வளவு பரிதாபப்பட்டாள்! இப்போது பயம் தெளிந்துவிட்டது. கேட்க வேண்டிய அவசியமும் போய்விட்டது. இன்றைக்கே வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தட்டை அப்படியே வைப்பார். கோபம் வந்தது. கோபம் இல்லை என்ற வரியைக் கோபத்தோடுதான் சொன்னாள். பேச்சை முடித்தாள். எழுந்தாள். சிவசங்கரி சொல்லிக்கொடுத்தபடி மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்த தன் கணவரைத் தாண்டி, வாசலுக்கு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே கைதட்டல் எழ ரொம்ப நேரம் ஆனது. எழுந்த பிறகு அடங்கவும் நேரம் ஆனது.

மாடிப்படித் திருப்பத்தில் அவள் நின்றிருந்தபோது ஆனந்தராஜ் ஓடி வந்தார்.

"அடியே, நாடகம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் என்னமோ ஏதோன்னு... சரி வுடு. நல்லா நடிச்ச. கெளம்பு, அல்வா வாங்கிட்டுப் போவலாம். நாளைக்கே போயி அந்தப் பிராத..." என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தெரியும். பூவாயிக்கா பின்னாடிதான் நின்னாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நோட்ட எவ்வளவு தூரம் படிச்சீங்க?"

"மொத மூணு வரிதான். அதுக்கு மேல கண்ணு தெரியல."

சரி, நாடகம்தான், வாங்க போவோம் என்று சொன்னால் எல்லாம் சுபம். அல்வா கிடைக்கும். புதுச் செருப்பும் டிரம்முக்குப் பின்னாலிருந்து வெளியே வரும். பானுமதி அதையும் ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்தாள். பிறகு பையைத் திறந்து, நோட்டை எடுத்து, இரண்டாம் பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள்.

"இது நாடகத்துல வராது. பென்சில் கோட்டப் பாக்காதீங்க, கீழ இருக்கறதப் படிங்க."

அவர் படித்தார். அதில் இருந்தது இதுதான்: 'எனக்குச் சூள பாக்கத் தெரியும். நீங்க ஓனர்கிட்ட போயி அவளுக்குத் தோதுப்படாதுன்னு சொல்லிட்டு வந்தீங்க. எனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் சொல்லியிருப்பீங்க. என்னைக் கேட்டிருந்தா ஆவும்னு சொல்லியிருப்பேன். அன்னைக்குச் சாயங்காலம் எனக்கு அல்வா வாங்கிட்டு வந்தீங்க. எதுக்குன்னு தெரியாம நானும் தின்னேன். அதுதான் இன்னும் செரிக்கல.'

படித்து முடித்த பிறகும் அவர் தலையை நிமிர்த்தவில்லை. படியில் இரண்டு மூன்று பேர் இறங்கிப் போனார்கள். "அருமைம்மா" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

"இது உனக்குத் தெரியுமா?" என்றார் கடைசியில்.

"ஆயுத பூசையிலருந்தே தெரியும்."

"எந்த ஆயுத பூச?"

"தென்றலுக்கு அப்ப மூணு வயசுகூட முடியல."

"இத்தன வருஷமா ஏன் என்னைக் கேக்கல?"

"என் தப்புதான். கேட்டிருக்கணும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்."

ஆனந்தராஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இஸ்திரி வேட்டி அழுக்காவதைக்கூடப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். ராத்திரியில் சூளைப் பக்கம் எல்லாம் ஆம்பளைங்க, கைப்பிள்ளை வேறு, பயமாக இருந்தது என்றார். உண்மையைத்தான் சொன்னார், அது அவளுக்குத் தெரிந்தது. பயந்ததை அன்றைக்கு அவளிடம் சொல்லியிருந்தால், சேர்ந்து பயந்திருக்கலாம். ஒரு வழியும் தேடியிருக்கலாம்.

பிறகு அவர் சட்டென்று எழுந்தார். முகம் தெளிந்திருந்தது. ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட முகம்.

"ராஜாங்கத்துகிட்ட இப்ப சூளைக்கு ஆளு இல்லன்னு சொன்னல்ல? இருந்தவன் குஜராத்துக்குப் போயிட்டான்ல? நீ கவலப்படாத பானு. நான் இப்பவே போயி அவருகிட்ட பேசி..."

பானுமதி அவரைப் பார்த்தாள். பாதி வாக்கியத்திலேயே அவருக்கு உறைத்துவிட்டது. நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"நானே பேசிக்கறேன்" என்றாள் அவள்.

ராஜாங்கத்தின் பட்டறையில் அன்று சாயங்காலம் சூளை பற்றவைக்கிறார்கள். ஆள் இல்லாமல் அவரே நின்று பார்த்த இரண்டு சூளை அகலும் பாழ். சூட்டை அவசரமாக ஏற்றியதால் பூச்சு முழுக்க ஊசித்துளை. எதனால் என்று அவளுக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வழக்கத்தை ஒரே நாளில் இரண்டு இடத்தில் விட்டுத்தொலைப்பது என்று முடிவு செய்துகொண்டாள். முகத்தில் இருந்த பவுடரை முந்தானையால் துடைத்தாள். மணி ஐந்துகூட ஆகவில்லை. போய்ச் சேர நேரம் இருந்தது.

நாலு படி இறங்கியிருப்பாள். மேலே இருந்து அவர் கூப்பிட்டார்.

"பானு." தொண்டையைச் செருமிக்கொண்டார். கேட்டுப் பழக்கமில்லாததால் குரல் கொஞ்சம் பிசிறியது. "எப்ப வருவ?"

"அவரு சரின்னு சொன்னா, சூள எறங்க விடிஞ்சுடும். இல்லன்னு சொன்னா ஏழு மணிக்கே வந்துடுவேன்." இன்னும் இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். "எதுன்னாலும் நானே வந்து சொல்றேங்க. நீங்க அங்க வர வேணாம்."